நனைந்த கோடி

மஞ்சள் இடிக்கிற நாளில் வீட்டில் கோபம் கூடாது என்பார்கள். அதனால் அன்று காலை எழுந்ததிலிருந்தே மூக்கம்மாள் தன்னைத் தானே காவல் காத்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. அதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. கணவர் கண்ணுச்சாமி பந்தல்காரனைப் பார்க்கப் போகாமல் இரண்டாவது காப்பிக்கு உட்கார்ந்தார். அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. இன்று புதன். வெள்ளிக்கிழமை முகூர்த்தம். இன்னும் இரண்டு நாள் வாயைக் கட்டிக்கொண்டால் மகள் பொன்னுமணி தேவாரம் ஊரில் ஒரு வீட்டுக்கு மருமகளாகிவிடுவாள். பிறகு ஒரு மாதப் பேச்சையும் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம்.

உரலில் உலக்கை விழ விழ மஞ்சள் தூள் எழும்பி அவள் முழங்கைவரை அப்பியிருந்தது. கொல்லைக்கு அப்பால் மலை தெரியவில்லை. ஆனி மாதத்து மூட்டம் குரங்கணி வரை இறங்கி, யாரோ பாதி படித்து மூடிவைத்த புத்தகம்போல் மலையைப் பொத்திவைத்திருந்தது.

மூட்டத்துக்கு இந்தப் பக்கம் கிட்டங்கி. ஏலக்காய் மூட்டை அடுக்கக் கட்டிய இடம். ஆவணியில் மலையிலிருந்து சரக்கு இறங்கும்வரை அது காலிதான். அந்தக் காலி இடத்தைத்தான் பங்குனி மாதத்தில் கண்ணுச்சாமியின் தங்கை சந்திரவல்லி கேட்டு வாங்கினாள். தாய் தகப்பன் இல்லாத பெண்கள், இருந்தும் இல்லாதுபோன பெண்கள், ஆறு பேர். ஒற்றைத் தையல் மிஷினை முறைவைத்து மிதித்துக் கற்றுக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது மிஷின் இன்று பத்து மணி ரயிலில் மதுரையிலிருந்து வருகிறது. அதை வாங்கத்தான் சந்திரவல்லி ஸ்டேஷனுக்குப் போயிருந்தாள்.

ஆறு பேரில் ஒருத்தி அன்னக்கொடி. பதினாறு வயது. தாயையும் தகப்பனையும் மலைக்காய்ச்சல் ஒரே மாதத்தில் கொண்டுபோனபின் ஏலத்தோட்டத்துக் கங்காணி வீட்டில் சோற்றுக்கு வேலை செய்தவள். சித்திரையில் காலிச் சாக்குக் கட்டுகளுக்கு நடுவே ஒளிந்து லோடு ஜீப்பில் மலையிறங்கி வந்தாள். வந்த புதிதில் தலைமாட்டில் ஒரு விறகுக்கட்டையை வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். எதற்கு அது என்று சந்திரவல்லி கேட்கவில்லை. மூக்கம்மாளுக்குக் கேட்கத் துணிச்சல் வரவில்லை. போன மாதம் ஒருநாள் அந்தக் கட்டையைத் தானே கொண்டுவந்து அடுப்பில் வைத்தாள் அன்னக்கொடி. அன்றைக்குச் சந்திரவல்லி சோற்றை வேகவிட்டுவிட்டு வெகுநேரம் அந்த நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த அன்னக்கொடியிடம்தான் இப்போது பொன்னுமணியின் முகூர்த்த ரவிக்கைத் துணி இருந்தது. மூக்கம்மாளுக்கு அதில் இஷ்டமில்லை. கடைத்தெருவில் முப்பது வருசம் தைத்த கை இருக்கும்போது, மூன்று மாதம்கூடப் பழகாத கைக்கு எதற்கு முகூர்த்தத் துணி? ஆனால் பொன்னுமணி பிடித்த பிடியை விடவில்லை.

“அவ தச்ச ரவிக்கையப் போட்டுப் பாரும்மா. பிறந்ததுலருந்து போட்டுக்கிட்டிருக்கிற மாதிரி இருக்கு.”

அது பொய்யில்லை. ஏலச்செடியின் தூரில் மண்ணோடு கிடக்கும் சரத்தில் எது விளைந்த காய், எது பிஞ்சு என்று குனிந்து பார்க்காமலே விரலால் அறிந்தவள் அன்னக்கொடி. ஒரு தோளைத் தொட்டுப் பார்த்தால் போதும், அளவு அவள் விரலில் தங்கிவிடும்.

மூக்கம்மாள் உலக்கையைச் சாத்திவிட்டு, இடித்த மஞ்சளை உலர்த்த முறம் தேடிக் கிட்டங்கி முற்றத்துக்குப் போனாள்.

கொடியில் கிளிப்பச்சைத் துணி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. மூக்கம்மாள் அதையே பார்த்தாள். இன்னொரு சொட்டு விழுந்தது.

தேவாரத்திலிருந்து முகூர்த்தச் சேலையோடு வந்த துணி அது. கோடி. உடம்பில் ஏறும்வரை கோடியில் தண்ணீர் படக்கூடாது. மூலையில் மஞ்சள் தொட்டு, சாமி முன்னால் வைத்து, கஞ்சி மணம் மாறாமல் உடுத்த வேண்டியது. நனைந்த கோடி போகிற வீடு ஒன்று உண்டு. அது கல்யாண வீடு அல்ல.

காலையிலிருந்து காத்த காவல் அந்த இடத்தில் உடைந்தது. இரண்டு கையாலும் துணியைப் பற்றி இழுத்துக்கொண்டு மூக்கம்மாள் கிட்டங்கிக்குள் நுழைந்தாள்.

“இத யாரு நனைச்சது?”

மிஷின் நின்றது.

“நான்தாம்மா,” என்று எழுந்தாள் அன்னக்கொடி. “விடியக்காலம் ஊறப் போட்டேன். புதுத்துணிய நனைக்காம வெட்டுனா முத வெளுப்புலயே சுருங்கிரும்ல. அப்புறம் பொன்னுமணி அக்காவுக்குக் கை பிடிக்கும்.”

அவள் முகத்தில் பயமே இல்லை. சொல்லாமலே ஒரு வேலையை முடித்துவிட்ட பிள்ளை, நல்ல வார்த்தைக்காக நிற்கிற நிற்பு அது.

“இது என்ன துணின்னு தெரியுமாடி உனக்கு?”

“கைத்தறிம்மா. அறுபதாம் நம்பர் நூலு.”

“கோடிடி. கோடி.”

அன்னக்கொடி துணியைப் பார்த்தாள். பிறகு மூக்கம்மாளைப் பார்த்தாள். “கோடின்னா?”

நையாண்டி செய்கிறாளோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கண்களில் நையாண்டி இல்லை.

“கோடி தெரியாதா? நீ கோடி உடுத்துனதே இல்லையா?”

“இல்லம்மா. கங்காணி வீட்டுப் பிள்ளைக உடுத்திக் கழிச்சதுதான்.”

சரிவில் விட்ட வண்டி பாதியில் நிற்குமா? மூக்கம்மாளின் கோபமும் நிற்கவில்லை. “நல்லா இருக்கு. ஒரு நல்லது கெட்டது தெரியாத கையில கொண்டுபோய் என் மக முகூர்த்தத்தக் குடுத்தேன் பாரு. இங்க பாரு, பொழுது சாயுறதுக்குள்ள நீ வேற எடம் பாத்துக்க. இந்தக் கல்யாணம் முடியிற வரைக்கும் என் கண்ணுல படாத.”

“எங்க போவா பெரியம்மா?” என்று மூலையிலிருந்து கேட்டாள் வேலுத்தாய் என்ற சின்னப் பெண்.

அன்னக்கொடி அழவில்லை. “சரிம்மா,” என்றாள். பிறகு, “வெட்டி வச்சிட்டுப் போகவா? அளவு எங்கயும் எழுதல. எங் கையிலதான் இருக்கு,” என்றாள்.

மூக்கம்மாள் துணியை அவள் மேல் போட்டுவிட்டு வெளியே வந்தாள். கொல்லை வாசலில் நின்று திரும்பிப் பார்த்தபோது, அந்தப் பெண் துணியை உதறி, சுருக்கமெல்லாம் தடவி எடுத்து, மறுபடியும் கொடியில் விரித்துக்கொண்டிருந்தாள். துரத்தப்பட்டபிறகும் சுருக்கம் எடுக்கிறாளே என்று மூக்கம்மாளுக்கு எரிச்சலாக வந்தது.

ஒற்றை மாட்டு வண்டியில் மிஷினை ஏற்றிக்கொண்டு சந்திரவல்லி வந்து சேர்ந்தபோது பதினோரு மணி. வழியெல்லாம் மிஷின் தலையைக் குழந்தைபோல் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். சேலையெல்லாம் எண்ணெய்.

“மதினி, வந்து பாருங்க. சக்கரம் தொட்டா ஓடுது,” என்றவள், மூக்கம்மாளின் முகத்தைப் பார்த்ததும் வண்டியிலிருந்து மெதுவாக இறங்கினாள்.

மூக்கம்மாள் சொன்னாள். கொஞ்சம் கூட்டியே சொன்னாள். சந்திரவல்லி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“தப்பு அவளுது இல்ல மதினி. என்னுது. நனைக்கச் சொல்லிக் குடுத்தேன். எத நனைக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுக்கல.”

“ஏன் சொல்லல? ஊரு உலகத்துக்கே தெரிஞ்ச சமாச்சாரம்.”

சந்திரவல்லி சேலையில் இருந்த எண்ணெய்க் கறையைக் கட்டைவிரலால் தேய்த்தாள். அது பெரிதாகிக்கொண்டே போனது.

“அந்தச் சொல்லு எனக்கு வாயில வரமாட்டேங்குது மதினி. துணியப் பத்தி எத்தனையோ சொல்றேன். அங்க வந்ததும் தாண்டிப் போயிர்றேன்.”

எதனால் என்று மூக்கம்மாளுக்குத் தெரியும்.

பதினான்கு வருசத்துக்கு முன், கம்பத்தில், சந்திரவல்லியின் புருசன் இறந்த பதினாறாம் நாள். பிறந்த வீட்டுக் கோடியைத் தாம்பாளத்தில் வைத்து எடுத்துக்கொண்டு போனவள் மூக்கம்மாள்தான். கண்ணுச்சாமி தங்கையின் முகத்தைப் பார்க்கமாட்டாமல் வாசலிலேயே நின்றுவிட்டார். பத்தொன்பது வயதுத் தோளில் அந்த வெள்ளைத் துணியைப் போர்த்தியவள் மூக்கம்மாள். அப்போது அந்தத் துணியின் மொடமொடப்பு கேட்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் எத்தனையோ பேசியிருக்கிறார்கள். அதை மட்டும் பேசியதில்லை.

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல,” என்றாள் மூக்கம்மாள். குரல் இறங்கியிருந்தது. “நானாவது அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருப்பேன்.”

“வேற துணி வாங்கிருவோம் மதினி.”

“எங்க வாங்குவ? சேலையும் ரவிக்கையும் ஒரே தறியில சொல்லிவச்சு நெய்தது. இந்தப் பச்சைய தேவாரத்துச் சம்பந்தி கண்ணு இருட்டுலயும் கண்டுபிடிச்சிரும். பாத்தா என்ன கேக்கும்? நனைஞ்ச கோடியவா எங்க மருமகளுக்குப் போடுறீகன்னு கேக்கும். கேட்டுட்டு வெள்ளிக்கிழமைய நிறுத்துனாலும் நிறுத்தும்.”

“அப்ப அன்னக்கொடிய என்ன செய்ய?”

“எனக்குத் தெரியல.”

இரண்டு பேரும் திரும்பினார்கள். அன்னக்கொடி கிட்டங்கி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு சின்னத் துணி மூட்டை. அவளுடைய சொத்தெல்லாம் ஒரு தேங்காய்ப் பருமனுக்குத்தான் இருந்தது.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஜீப்பு வந்து நின்றது.

சாயங்காலம் வருவதாகச் சொன்ன சம்பந்தி ஜக்கம்மாள் மத்தியானத்துக்கு முன்பே வந்துவிட்டாள். தாட்டியான உடம்பு. வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே குரல் நுழைந்துவிடும்.

“என்ன அண்ணே, பந்தக்கால் இன்னும் படுத்துக் கெடக்கு. நீங்க உக்காந்து காப்பி குடிக்கிறீக. யாருக்குக் கல்யாணம், உங்களுக்கா?”

கண்ணுச்சாமி எழுந்து துண்டைத் தேடினார். டிரைவர் ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கிவந்து நடையில் இறக்கினார்.

“பலா. மலையில எங்க அண்ணன் எஸ்டேட்டுல பறிச்சது. தேன்னா தேன். இந்தா பிள்ள, அவுத்து எடுத்து வையி.”

பிள்ள என்றது அன்னக்கொடியை. அவள் தன் துணி மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்து சாக்கின் வாயை அவிழ்த்தாள். சாக்கைத் திருப்பியபோது அவள் கை சட்டென்று நின்றுபோனது. மூக்கம்மாள் அதைப் பார்த்தாள். போகச் சொன்ன வீட்டில் வேலை செய்கிற சங்கடம் என்று நினைத்துக்கொண்டாள்.

“ரவிக்கை தச்சாச்சா? பாக்கத்தான் வெரசா வந்தேன்,” என்று ஜக்கம்மாள் நேரே கொல்லைப்புறம் நடந்தாள். இந்த வீட்டில் எல்லாம் கொல்லைப்புறத்தில்தான் நடக்கிறது என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். மூக்கம்மாள் பின்னாலேயே ஓடினாள். கொடியிலிருந்து துணியை எடுக்க நேரமில்லை.

ஜக்கம்மாள் துணியின் முன்னால் நின்றாள். ஓரத்தைத் தொட்டாள். விரலில் ஈரம்.

“என்ன சம்பந்தி இது. நனைஞ்சிருக்கு.”

கிட்டங்கி வாசலில் பெண்களின் முகங்கள். சந்திரவல்லி ஓரடி முன்னால் வந்தாள், பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ள. அவளுக்கு முன்னால் அன்னக்கொடி, மறுபடியும் கையில் எடுத்த மூட்டையோடு வந்துவிட்டாள்.

ஒரு வார்த்தை போதும் என்று மூக்கம்மாளுக்குத் தெரியும். இந்தப் பெண்ணைக் காட்டி, ‘தாயில்லாத பிள்ளை, தெரியாம செஞ்சிருச்சு, அனுப்பிட்டேன்’ என்று சொன்னால் சம்பந்தியின் கோபம் அதோடு போகும். கல்யாணம் நிற்காது. இந்தப் பெண் பஸ்சு ஏறுவாள். எந்தப் பஸ்சு, எங்கே போகும் என்பதை யாரும் கேட்கப்போவதில்லை.

அப்போதுதான் மூக்கம்மாள் துணியைச் சரியாகப் பார்த்தாள்.

கிளிப்பச்சையில் மஞ்சள் விரல்கள் பதிந்திருந்தன. காலையில் கோபத்தில் பற்றி இழுத்தாளே, அந்தக் கை. ஐந்து விரலும் உள்ளங்கையும் ஈரத்தில் அப்படியே ஊறி இறங்கியிருந்தன. கீழ் மூலையில் இன்னொரு கையின் கட்டைவிரல், மஞ்சள் தொட்டு வைத்ததுபோலவே.

“மஞ்சத் தண்ணி,” என்றாள் மூக்கம்மாள்.

“என்னது?”

“மஞ்சத் தண்ணியில நனைச்சது சம்பந்தி. எங்க வழியில பொண்ணுக்குத் தைக்கிற துணிய மஞ்சள்ள நனைச்சுத்தான் கத்திரி வைப்போம். பெத்தவதான் நனைக்கணும். நனைச்சுக் கைய வைக்கணும்.”

“நான் கேள்விப்பட்டதே இல்லையே.”

“தேவாரத்துல இல்லாம இருக்கும். எங்க பாட்டன் வழி குரங்கணிப் பக்கம்.”

கொல்லை வாசலில் துண்டோடு நின்ற கண்ணுச்சாமி, “குரங்கணியா? உங்க பாட்டன் கூடலூர்க்காரர்ல,” என்றார்.

“நீங்க பந்தக்காரனப் பாக்கப் போகல?” என்றாள் மூக்கம்மாள் திரும்பாமலே. அவர் போனார்.

ஜக்கம்மாள் துணியைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். மஞ்சள் மணந்தது. மூக்கம்மாளின் கைகளைப் பார்த்தாள். முழங்கைவரை மஞ்சள். பிறகு அந்த விரல் அச்சின் மேல் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். அந்தப் பெரிய முகத்தில் ஏதோ ஒன்று இளகியது.

“எங்க ஆத்தாளும் எனக்கு இப்படிக் கைய வச்சு அனுப்பியிருந்தா, மாமியா வீட்டுல பதினெட்டு வருசம் ஒத்தையில மல்லுக்கு நின்னுருக்க மாட்டேன்,” என்றாள். “நல்ல வழக்கமாத்தான் இருக்கு. என் சின்ன மகளுக்கு நானும் செய்வேன். எப்படிச் செய்யணும்னு சொல்லிக் குடுங்க.”

சந்திரவல்லிக்கு இருமல் வந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு புது மிஷினைப் பார்க்கப் போய்விட்டாள்.

“தைக்கிறது யாரு?”

“இவதான். அன்னக்கொடி.” மூக்கம்மாள் அந்தப் பெண்ணின் முதுகில் கையை வைத்தாள். முதுகெலும்பு கையில் தட்டுப்பட்டது. “எங்க வீட்டுப் பிள்ள.”

“எங்க வீட்டுப் பிள்ளையாம், கையில மூட்டையோட நிக்கிது?” ஜக்கம்மாள் கண்ணைச் சுருக்கினாள்.

“தையல் சாமான்,” என்றாள் மூக்கம்மாள். பொய் ஒன்று வந்தால் அடுத்தது தானாக வழி கண்டுபிடித்து வரும் என்பதை அவள் அன்றைக்குத்தான் அறிந்தாள்.

ஜக்கம்மாள் சாப்பிட்டு, பந்தக்காலை நட வைத்து, நான்கு பேரைத் திட்டிவிட்டுப் போனாள். ஜீப்பின் சத்தம் தெருமுனையைத் தாண்டியபிறகுதான் வீடு மூச்சு விட்டது.

துணி காய்ந்துவிட்டது. அன்னக்கொடி அதைப் பாயில் விரித்தாள். கத்திரியை எடுக்கவில்லை. துணியை ஒருமுறை திருப்பிப்போட்டாள். மறுபடியும் திருப்பினாள். சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டாள், பிறகு அழித்தாள். மூக்கம்மாள் வாசற்படியில் வெற்றிலையைக் காம்பு கிள்ளிக்கொண்டே இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நூறு இலைக் கவுளி முழுவதும் கிள்ளி முடித்தபிறகும் அந்தப் பெண் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்கலாமா என்று நினைத்தாள். காலையில் அவ்வளவு பேசிவிட்ட வாய்க்கு இப்போது ஒரு சின்னக் கேள்வி பாரமாக இருந்தது.

கடைசியில் கத்திரி இறங்கியது. ஒருமுறை இறங்கியபின் நிற்கவே இல்லை.

வெயில் மேற்கே சாய்ந்து, மூட்டம் விலகி மலை முழுதும் வெளியே வந்தபோது ரவிக்கை முடிந்திருந்தது. பொன்னுமணி உள்ளே போய் அதைப் போட்டுக்கொண்டு வந்தாள். கை பிடிக்கவில்லை. கழுத்தில் ஒரு சுருக்கமில்லை. முன்புறம் எங்கும் மஞ்சள் தெரியவில்லை.

“அந்தக் கையடையாளம் எங்கடி போச்சு?” என்றாள் மூக்கம்மாள்.

“திரும்புங்கக்கா,” என்றாள் அன்னக்கொடி.

பொன்னுமணி திரும்பினாள். முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே, மூக்கம்மாளின் கை விரிந்திருந்தது. ஒரு விரல்கூட வெட்டுப்படவில்லை.

“முந்தானை போட்டா மறைஞ்சிரும்மா. வெளிய தெரியாது,” என்றாள் அன்னக்கொடி. “சாய்ச்சு வெட்டியிருந்தா துணி மிச்சமாயிருக்கும். ஆனா கை அறுந்துபோகும். அதான் யோசிச்சேன். புது எடத்துக்குப் போறப்ப முதுகுல ஆத்தா கை இருந்தா நல்லா இருக்கும்ல.”

பொன்னுமணி திரும்பாமலே நின்றாள். அவள் தோள் மட்டும் குலுங்கியது. சந்திரவல்லி எழுந்துபோய் அவளைத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

மூக்கம்மாள் உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். கல்யாணத்துக்கு வருகிற உறவுப் பிள்ளைகளுக்கென்று எடுத்துவைத்த துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு நீலத் துணியை உருவினாள். பாவாடைக்கும் ரவிக்கைக்கும் ஆகும். மஞ்சள் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து மூலையில் தொட்டு வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“இந்தா. இது கோடி.” வார்த்தை சரியாக வரவில்லை. மறுபடியும் தொடங்கினாள். “புதுசு. யாரும் உடுத்தாதது. மொதமொத உன் உடம்புல படப்போறது. அதான் கோடி. காலையில கேட்டேல்ல.”

சந்திரவல்லி நிமிர்ந்து பார்த்தாள். அந்தச் சொல் அந்த வீட்டில் அப்படி ஒரு பொருளோடு சொல்லப்பட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

அன்னக்கொடி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கஞ்சி மொடமொடத்தது. “அம்மா,” என்றாள். “இத ரெண்டா வெட்டிக்கிடலாமா?”

“ரெண்டா வெட்டுனா உனக்குப் பத்தாதே. எதுக்கு?”

அவள் தன்னுடைய துணி மூட்டையை எடுத்துவந்து அவிழ்த்தாள். உள்ளே ஒரு பழைய சேலைத்துண்டும் ஒரு சின்னச் சட்டையும் இருந்தன. வகுப்பில் கழித்த துண்டு துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்த சட்டை. ஆறேழு நிறம். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஆகும்.

“யாருக்குடி இது?” என்று கேட்டாள் சந்திரவல்லி.

“மேல எந் தங்கச்சி இருக்கா டீச்சரக்கா. கருத்தம்மா.”

இரண்டரை மாதமாக அந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. விறகுக்கட்டையோடு தூங்கிய ராத்திரிகளிலும் அவள் அதைச் சொன்னதில்லை.

“ஏன்டி சொல்லல?”

“வாயத் தொறந்தா அவள வேற மலைக்கு அனுப்பிருவோம்னு கங்காணி சொல்லியிருக்கு. நான் வர்றப்ப அவளுக்குக் காய்ச்சல். தூக்கிட்டு ஓட முடியல. தைக்கப் படிச்சிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். அளவு பாத்துட்டுத்தான் வந்தேன்.” சட்டையை விரலால் சாண் போட்டுக் காட்டினாள். “இப்ப கொஞ்சம் வளந்திருப்பா. அதுக்கும் சேத்து விட்டிருக்கேன்.”

மூக்கம்மாள் அந்தச் சட்டையைக் கையில் வாங்கினாள். உள்மடிப்பில் இரண்டு விரல் துணி மடித்து விட்டிருந்தது. பிரித்தால் பெரிதாகும்.

“எந்த எஸ்டேட்டு அது?” என்றாள். “பேரச் சொல்லு. உங்க பெரியய்யாவுக்குத் தெரியாத எஸ்டேட்டு இந்த மலையில கிடையாது.”

“பேரு தெரியாதும்மா. எங்களுக்குக் குடியிருக்கிற மேல் லயம், கீழ் லயம்தான் தெரியும்.” அன்னக்கொடி தயங்கினாள். “எஸ்டேட்டுச் சாக்குல நீல மையில ஒரு குத்துவிளக்கு போட்டிருக்கும்.”

அவள் பார்வை நடைப்பக்கம் போனது. எல்லாரும் அங்கே பார்த்தார்கள்.

மூலையில், தேவாரத்துச் சம்பந்தி கொண்டுவந்த சாக்கு காலியாகக் கிடந்தது. அதன் நடுவே நீல மையில் ஒரு குத்துவிளக்கு. ‘மலையில எங்க அண்ணன் எஸ்டேட்டுல பறிச்சது’ என்று ஜக்கம்மாள் சொன்னது மூக்கம்மாளின் காதில் மறுபடியும் கேட்டது. மாப்பிள்ளையின் தாய்மாமன் அவர். வெள்ளிக்கிழமை மணமேடையில் முதல் மாலையைத் தொட்டுக் கொடுக்கப்போகிறவர்.

பழுத்த பலாவின் வாசம் வீடு முழுக்க நிறைந்திருந்தது.

பொன்னுமணி முதுகில் தாயின் கையோடு நின்றாள். அன்னக்கொடி நீலத் துணியைத் திருப்பிக் கொடுக்கிறவள்போல் நீட்டிக்கொண்டிருந்தாள். எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மூக்கம்மாள் துணியை வாங்கினாள். பாயில் விரித்தாள். சரிபாதியாக மடித்து, நடுவில் நகத்தால் கோடு கிழித்தாள். பிறகு மஞ்சள் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, இன்னொரு மூலையிலும் தொட்டு வைத்தாள்.

“வெட்டு,” என்றாள்.